அரை கப் சோறும் என் கோபமும்

சர்க்கரை நோயாளியான எனக்கு என் மனைவி அளந்துதான் சாப்பாடு போடுவாள். அன்று காலை தட்டில் இரண்டே இட்லி. மாத்திரையை விழுங்கிவிட்டு, வீம்புக்கு அதையும் தொடாமல் தாராவியில் இருக்கும் என் கடைக்குப் போய்விட்டேன்.

மதியம் அவள் டப்பாவோடு வந்தாள். திறந்தால் அரை கப் சோறு.

“ஏட்டி, பிச்சையா போடுதே?” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தி, டப்பாவைத் தட்டிவிட்டேன். கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்தது. எல்லாம் கோபம் என்றுதான் நினைத்தேன்.

அவள் பக்கத்து டீக்கடையில் சர்க்கரை வாங்கி வந்து நீட்டினாள்.

“வாயத் தொறங்க. சண்டைய பொறவு வச்சுக்கிடுவோம்.”

சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது. கோபத்தையும் காணோம். மாத்திரை போட்டுப் பட்டினி கிடந்ததில் சர்க்கரை இறங்கியிருந்தது, கோபமும் அதனால்தானாம்.

இப்போது நான் நியாயமாகக் கத்தினாலும் அவள் சர்க்கரை டப்பாவைத்தான் எடுக்கிறாள். எந்தக் கோபம் என்னுடையது என்று எனக்கே தெரியாததால், வாயைத் திறந்துவிடுகிறேன்.