ஓட்டைத் துப்பாக்கிக்கு ஒரு கும்பிடு

என் அண்ணனைக் கொல்வதற்காக நான் துப்பாக்கியின் விசையை இழுத்தேன். அது வெடிக்கவில்லை. அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார். அதனால்தான் நானும் தூக்குக்குத் தப்பி உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது... நீங்கள்தான் முதல்.

சண்டைக் காலம் அது. ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் வெள்ளைக்காரனோடு எங்கோ அடித்துக்கொண்டிருக்க, திருச்சுழிப் பக்கத்து எங்கள் புஞ்சைகளில் பகையெல்லாம் காட்டுப்பன்றியோடுதான். கடலையைக் காக்க லைசென்சு வாங்கிய நாட்டுத்துப்பாக்கி ஒன்று என்னிடம் இருந்தது. குழாய் வாய் வழியே மருந்தும் ரவையும் கெட்டிக்கும் பழைய சாமான். மூன்று முறை இழுத்தால் ஒரு முறை வெடிக்கும். "ஒன் துப்பாக்கிய பன்னி மோந்து பாத்துட்டுப் போகும்லே!" என்று ஊரே கேலி செய்யும்.

அண்ணனுக்கும் எனக்கும் பொதுக் கிணறு. அன்று கமலை கட்டித் தண்ணீர் இறைக்கும் முறை யாருடையது என்று காலையில் வாய்ச்சண்டை முற்றியது. என் மனைவி பார்க்க, அவர் என்னை அறைந்தார். தப்பு என்னுடையதே, முறை அவருடையது! ஆனாலும் அந்த அறை மாலை வரை கன்னத்தை விட்டு இறங்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த மட்டுப் புத்தியும் இல்லாமல் போயிற்று.

பொழுது சாயும் நேரம் காவலுக்குப் போனேன். அண்ணன் தம் பங்கில் எனக்கு முதுகு காட்டிக் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். இருபதடி தூரம். குறி வைத்தேன். இழுத்தேன். 'டக்' என்றொரு சத்தம்... அவ்வளவே!

அவர் திரும்பினார். குழாய் அவர் பக்கமே நீண்டிருந்தது. என்ன நினைத்தார் தெரியுமா?

"எங்கலே பன்னி? எந்தப் பக்கம் ஓடுச்சு?"

நான் ஏதோ ஒரு திசையைக் காட்டினேன். ஐயோ, காட்டினேனே!

பிடுங்கிய களையைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "இந்தச் சனியன நம்பியா காவலுக்கு வாரே? பன்னி திருப்பிப் பாஞ்சிருந்தா ஒன் கதி என்னலே?" காலையில் அறைந்தவர் கண் கலங்கினார். மறுநாளே துப்பாக்கியைத் தாமே பந்தல்குடிக்குத் தூக்கிப்போய், கொல்லனிடம் பழுது பார்த்துக் கொண்டுவந்தார்.

"இனிமே தப்பாது தம்பி."

தப்பாது! ஓட்டைத் துப்பாக்கி எங்கள் இரு குடும்பத்தையும் காப்பாற்றியது. நல்ல துப்பாக்கி காப்பாற்றுமா? இன்னோர் அறை விழுந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு அண்ணனிடம் சொல்லாமல் திருச்சுழி போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். ரைட்டர் இழுத்துப் பார்த்தார். "நல்லாத்தானய்யா இருக்கு? எதுக்குக் குடுக்கிற?"

"பழைய சாமானுங்க... நம்ப முடியாது" என்றேன்.

வெறுங்கையை வீசிக்கொண்டு வீடு திரும்பினேன். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு! அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டேன்.

அடுத்த கடலைப் பருவத்தில், துப்பாக்கியை நான் கொடுத்துவிட்டது தெரிந்து, அண்ணன் வெறும் கம்போடு காவலுக்குப் போனார். பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார்... இடது கால் தேறவில்லை.

கட்டிலில் கிடந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "துப்பாக்கியக் குடுத்துட்டோமேன்னு வெசனப்படாதலே. உசுரு இருக்குல்ல, அது போதும்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் மன்னித்தது சின்னக் குற்றத்தை. பெரியதை மன்னிக்க நான் அவருக்கு இடமே கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்... மன்னித்திருப்பாரா? இன்று வரை கேட்கத் துணிவில்லை.

இப்போதும் காலை இழுத்து இழுத்து அவர் வரும் சத்தம் வாசலில் கேட்டால், முதலில் எனக்கு மகிழ்ச்சிதான் வருகிறது. இருக்கிறார்! நடக்கிறார்! மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். எழுந்து ஓடிப்போய்த் தோளைக் கொடுப்பேன். அவர் உடம்பின் பாரம் முழுவதையும் என் மேல் சாய்த்துப் படியேறுவார்.