திமிங்கிலம் இழுத்து வந்த மிதவைகள்

காலிஸ் கோவ் துறையில் படகு எடுக்கிற எவரும் சூரியன் போகிற திசையில்தான், அதாவது வலப்பக்கமாகத்தான், படகைத் திருப்புவார்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் கடல் யாரையாவது பலி கேட்கும் என்பது நியூஃபவுண்ட்லாந்தின் அந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். மார்செல்லா கவனா அந்த நம்பிக்கையில் யாருக்கும் குறைந்தவள் அல்ல.

மீன்பிடித் தடை வந்து ஊரின் மீன் ஆலையை மூடியபோது அவள் அங்கே மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே போனார்கள். அவள் போகவில்லை. குளிர்காலம் முழுக்கப் படித்துப் படகோட்டும் சான்றிதழ் வாங்கினாள். "திமிங்கிலத்தைக் காட்டிப் பொழைக்கப் போறாளாம்!" என்று துறையில் சிரித்தவர்கள், இப்போது தங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை அவள் படகில்தான் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு கயிற்றைக்கூட அவள் ஏனோதானோவென்று சுற்றி வைத்ததில்லை.

அந்த ஜூன் மாதக் காலையில் தொலைவில் கடல்மேல் மூடுபனி சுவர்போல நின்றது. அண்ணன் ஆம்ப்ரோஸ் தன் சின்னப் படகில் தனியாக வலை தூக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"என்னடி, இன்னிக்கும் கேமராக்காரங்களுக்கு வெறும் தண்ணியக் காட்டப் போறியா?"

"நீ முதல்ல ரெண்டு மீனாவது கொண்டு வா அண்ணே. மத்தியானம் நான்தானே வறுக்கணும்!"

பறவைத் தீவைத் தாண்டியதுமே திமிங்கிலம் எழுந்தது. பயணிகள் ஆரவாரம் செய்தார்கள். மார்செல்லாவுக்கு அதன் மூச்சு சரியாகப் படவில்லை. தொண்டை கட்டியவன் இருமுவதுபோல இருந்தது. வாலும் மேலே வரவில்லை. தண்ணீருக்கடியில் வாலைச் சுற்றிக் கயிறு இறுகியிருக்க, அதன் பின்னால் இரண்டு மிதவைகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. மேல்பாதி பச்சை, கீழ்ப்பாதி ஆரஞ்சு, நடுவில் வெள்ளைப் பட்டை.

"அந்தக் கலர் கலரா வர்றது என்னங்க? ஆராய்ச்சிக்குக் கட்டிவிட்டதா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

ஊரில் ஒவ்வொரு வீட்டு வலை மிதவைக்கும் ஒரு நிறம் உண்டு. இந்த நிறம் அண்ணனுடையது. போன குளிர்காலத்தில் வெள்ளைப் பட்டையை அவளேதான் தீட்டினாள்.

"கஸ், ரேடியோவ எடு" என்றாள். கஸ் அவளிடம் வேலை பார்க்கும் பெரியப்பா மகன்.

"ஆம்ப்ரோஸ், ஆம்ப்ரோஸ்... கேக்குதா?"

வெறும் இரைச்சல்தான் வந்தது.

"வலையை விட்டுட்டுக் கரைக்குப் போயிருப்பான்" என்றான் கஸ்.

"போயிருந்தா இந்நேரம் இதையே கதையாச் சொல்லி ஊரைக் கூட்டியிருப்பானே!"

கஸ் ரேடியோவின் அலைவரிசையை மாற்றினான். கடலோரக் காவல் படைக்குச் சொன்னார்கள். பனியில் ஹெலிகாப்டர் வர நேரமாகும் என்று அங்கிருந்து பதில் வந்தது.

அப்போதுதான் தீவின் செங்குத்துப் பாறையிலிருந்து பறவைகள் மொத்தமாகக் கிளம்பின. வானமே கறுத்தது. பயணிகள் கேமராவைத் தூக்கினார்கள்.

"கழுகு வந்திருக்கும்" என்றான் கஸ்.

"கழுகுன்னா ஒரு சுத்து சுத்திட்டு உக்காந்திரும். இதுங்க உக்கார வருது, மறுபடி பதறி எழும்புது. பாரு!"

அந்தப் பாறையில் அடையும் 'டர்' என்கிற கடற்பறவை கூடு கட்டாது. வெறும் பாறையில் முட்டையிடும். பதறி எழுந்தால் முட்டை உருண்டு கடலில் விழும் என்பதால் லேசில் எழாது. இப்போது முட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. அந்தப் பாறையில் ஏதோ அசைகிறது. மனிதர் கால் வைக்கக் கூடாத தீவு அது. அசைவது அண்ணனாக இருக்கலாம். அலை அசைக்கிற அண்ணனின் உடலாகவும் இருக்கலாம்.

வலப்பக்கம் அலை உடைகிற திட்டு. அந்தப் பக்கம் திரும்ப வழியில்லை.

"மார்செல்லா, இடதுபக்கமா? சூரியனுக்கு எதிர்ப்பக்கமாச்சே..."

"வலப்பக்கமாப் போகணும்னா தீவையே சுத்தணும். அதுக்குள்ள என்ன ஆகுமோ!"

சக்கரத்தை இடப்பக்கம் ஒடித்தாள். கஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

அலை எட்டித் தொடும் விளிம்பில் மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று சுருண்டு கிடந்தது. ஹாரனை அழுத்தினாள். அசைவில்லை. மறுபடி அழுத்தினாள். மஞ்சள் கை ஒன்று மெல்ல உயர்ந்தது.

எல்லோரையும் பின்பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு அலைக்கும் எஞ்சினைத் தணித்துத் தணித்து, படகின் மூக்கைப் பாறை விளிம்பில் வைத்தாள். கஸ் ஆம்ப்ரோஸை அள்ளி உள்ளே போட்டான். இடது கையில் சுற்றியிருந்த துணி முழுக்க ரத்தம்.

"கயித்த வெட்டித் திமிங்கிலத்த விட்டுரலாம்னுதான் பார்த்தேன்... கயிறு கையச் சுத்திருச்சு. படகையும் கவுத்துருச்சு. நீந்தி வந்து..." ஆம்ப்ரோஸ் முடிக்கவில்லை. குளிரில் பற்கள் தந்தியடித்தன. பிறகு தங்கையைப் பார்த்தான். "ஏன்டி, இடதுபக்கமாவா திருப்புன? பார்த்துட்டுத்தான் கிடந்தேன்."

"வாய மூடிட்டுப் படு."

பனியின் ஓரத்தில் திமிங்கிலம் இன்னொரு முறை மூச்சு விட்டது. இம்முறை யாரும் கேமராவை எடுக்கவில்லை. அது அமிழ்ந்தது. முதல் மிதவை உள்ளே போனது, பின்னாலேயே இரண்டாவதும். மேலே வருமா என்று மார்செல்லா பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

திட்டைத் தாண்டியதும் படகை வலப்பக்கமாக, சூரியன் போகிற திசையில், ஒரு முழு வட்டம் சுற்றவிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு கிடந்த ஆம்ப்ரோஸ், சீக்கிரம் போ என்று சொல்லவில்லை. வட்டம் முடிந்த பிறகுதான் அவள் துறையைப் பார்த்து விசையைக் கூட்டினாள்.