உரப்பையும் அப்பாவின் பத்திரமும்

அந்த நெடி இன்னும் மூக்கில் இருக்கிறது. உர மூட்டைக்குள்ளிருந்து உருவிய பொலித்தீன் உறையை ஓடையில் எத்தனை தடவை அலசினாலும் போகாத நெடி... கண்ணைக் கரிக்கும்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எனக்குப் பதினாறு வயது, கொழுந்து எடுக்கப் பேர் பதிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதுவரை மழைக்குக் கம்பளியும் சாக்கும்தான். நனைந்தால் ஆளை அமுக்கிவிடும். அப்போதுதான் உள்ளே பொலித்தீன் வைத்த உர மூட்டைகள் வரத் தொடங்கின.

அம்மாடி, என்ன பொருள் அது! தலையில் போட்டால் ஒரு சொட்டு உள்ளே வராது. ஒழுகும் தகரத்துக்குக் கீழே கட்டலாம், கைப்பிள்ளைக்கு அடியில் விரிக்கலாம். கிழிந்தால் மெழுகுதிரியில் காட்டி ஒட்டிவிடலாம். ஓர் உறைக்காக லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் குடுமிப்பிடிச் சண்டை போட்டிருக்கிறார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

அப்படிச் சண்டை போட்டு வாங்கிய உறையில் ஒரு துண்டு வெட்டித்தான் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தைச் சுற்றினேன்.

அப்பா இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தத் தாள். தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்திருந்தார்கள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு விசாரணைக்காக வருடக்கணக்காகக் காத்திருந்தோம். கிடைக்காவிட்டால் யாரும் கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்குத்தான் போக வேண்டும். அப்பா அதைத் துணிப்பையில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். ஐந்தாம் வகுப்புவரை படித்த மேதாவியான எனக்கு அது பொறுக்கவில்லை.

"இப்படியா வைப்பாங்க? கரி அப்பிக் கெடக்குப்பா. நான் பத்திரமா வைக்கிறேன், ஒரு சொட்டு தண்ணி போகாது."

"சரி புள்ள, ஒனக்குத் தெரியாததா" என்றார்.

ஈரத்துணியால் கரியைத் துடைத்தேன். பொலித்தீனில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, ஓரங்களை மெழுகுதிரியில் சூடு காட்டி ஒட்டினேன். தகரப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். உள்ளே போன ஈரம் இனி வெளியே வராது என்று அந்த மேதாவிக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து விசாரணைக்கு அழைத்தார்கள். நானும் அப்பாவும் பஸ் பிடித்து நுவரெலியாவுக்குப் போனோம்.

"எம் மக பத்திரப்படுத்துனதுங்க" என்று சொல்லிக்கொண்டே அப்பா பல்லால் கடித்து அதைப் பிரித்தார்.

தாள் கறுத்துக் கூழாகி பொலித்தீனோடு ஒட்டிக் கிடந்தது. விசாரணை அதிகாரிக்கு மொழிபெயர்க்க இருந்த யாழ்ப்பாணத்து ஐயா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதிலை எழுத்து ஒண்டும் தெரியேல்லையே. வேறை ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

"எங்கப்பாவையும் அந்தத் தோட்டத்துலதாங்க பொதைச்சிருக்கோம்..."

அதை எந்த இடத்தில் எழுதுவது என்று அந்த ஐயாவுக்கும் தெரியவில்லை.

திரும்பி நடக்கையில் நல்ல மழை. அப்பா என்னை நாலு அறை விட்டிருந்தால் தேவலை. "நனையாத புள்ள" என்று, தான் போர்த்தியிருந்த பொலித்தீனை எடுத்து என் தலையில் போட்டார். அதற்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நகல் கேட்டு எழுதினோம். பழைய பதிவுப் புத்தகம் இல்லை என்று பதில் வந்தது. மனு தள்ளுபடியானது.

பிரஜாவுரிமை உள்ள ஒருவரைக் கட்டிக்கொண்டதால் நான் இங்கே தங்கிவிட்டேன். அப்பா, அம்மா, தம்பி மூவரும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

இன்றைக்கு மலையில் பொலித்தீன் இல்லாத ஆளைக் காண முடியாது. ஓடையெல்லாம் அதுதான் அடைத்துக் கிடக்கிறது. போன வாரம் பேத்தியின் பிறப்புப் பத்திரத்தை லெமினேட் பண்ணிக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள். நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன்...

அப்பா அந்த ஊரில் பதினொரு வருடம் இருந்து கண்ணை மூடினார். கடைசிவரை அங்கே அவர் பேரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். எல்லாருக்கும் அவர் 'சிலோன்காரரு'தான் என்று தம்பி எழுதியிருந்தான்.

அங்கே, அவர் சிலோன்காரர் என்பதற்கு ஒருவரும் பத்திரம் கேட்கவில்லை.