அம்மா எழுதிய மூன்றாம் தேர்வு

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களில் சிலர் அம்மாவுடன் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். சிலர் லோதி ரோடு வீட்டில் அம்மா கையால் சாப்பிட்டவர்கள். ஊர்ச் சொந்தங்கள் பலருக்கு அம்மாவைக் கடிதங்கள் வழியாகத்தான் தெரியும். எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, அம்மா தைரியசாலி என்று. மூத்த மகளான நானோ, அம்மா பயந்து நடுங்கிய இரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அந்த நாள்களைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். தங்கைக்கு அப்போது மூன்று வயது.

அம்மா பிறந்தது தென்காசிக்குப் பக்கத்தில். பள்ளி இறுதி வகுப்பில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியவர். மேலே படிக்க ஆசைப்பட்டபோது தாத்தா கல்யாணம் பேசி முடித்துவிட்டார். டில்லியில் மத்திய அரசு எழுத்தராக இருந்த அப்பாவோடு ரயிலேறி இங்கே வந்தபோது அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. இந்தி தெரியாது. காய்கறிக்காரரிடம் விரலை நீட்டிக் காட்டியே பல வருடம் ஓட்டியதாக அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோரே நாளில் அப்பா போய்விட்டார். எனக்கு வயது பதின்மூன்று.

அப்பாவின் அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் அம்மாவுக்குக் கீழ்நிலை எழுத்தர் வேலை கிடைத்தது. ஊரில் எல்லோரும் அப்பாடா என்றார்கள். உத்தரவின் இரண்டாவது பக்கத்தில் இருந்த நிபந்தனை அவர்களுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஆங்கிலத் தட்டச்சில் தேற வேண்டும். நிமிடத்துக்கு முப்பது சொல் வீதம் பத்து நிமிடம் அடிக்க வேண்டும். மூன்று முறைதான் எழுதலாம். மூன்றிலும் தவறினால் வேலை போகும். வேலை போனால் நாங்கள் இருந்த அரசாங்க வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதற்கு முன் அம்மா தட்டச்சுப் பொறியைத் தொட்டது கூட இல்லை.

அம்மா தன் நாளை மூன்றாகப் பிரித்துக்கொண்டார். எங்களுக்கும் சொல்லிவிட்டார்.

"சம்பளம் உங்க ரெண்டு பேருக்கு. பகல் பூரா ஆபீஸுக்கு. காலைல அஞ்சுலருந்து ஆறு மட்டும் எனக்கு. அதுல யாரும் கை வைக்கப்படாது, சொல்லிட்டேன்."

அந்த ஒரு மணி நேரத்தில் பழைய ஆங்கிலச் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். பிறகு ஓர் அட்டையில் எழுத்துகளை வரைந்து வைத்துக்கொண்டு விரலால் அடிப்பார். பயிற்சி நிலையத்துக்கு நான்கு மாதம் போனார். அதற்குமேல் கட்டணம் கட்ட முடியவில்லை. அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் பொறி காலியாக இருந்தால் அடித்துப் பார்ப்பார். எங்களுக்குப் பாலும் பள்ளிக் கட்டணமும் குறையவில்லை. அம்மாவின் ஸ்வெட்டர்தான் இரண்டு குளிர்காலம் முழங்கையில் கிழிந்தே கிடந்தது.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு நாள் விடியற்காலையில் தங்கைக்குக் காய்ச்சல் கொதித்தது. நான் கதவைத் தட்டினேன். "ஈரத்துணி போடு. ஆறு மணிக்கு வாரேன்" என்றார் அம்மா. ஆறு மணிக்குத்தான் வந்தார். அதை நான் பல வருடம் மனத்தில் வைத்திருந்தேன்.

தேர்வுக்குப் போகிறவர்கள் தட்டச்சுப் பொறியைத் தாங்களே கொண்டுபோக வேண்டும் என்பது அப்போதைய வழக்கம். முதல் முறை அம்மா வாடகைக்கு ஒன்று எடுத்துப் போனார். அதன் எழுத்து விசைகள் அழுத்த முடியாமல் கல்லாக இருந்தன; வேகம் போதவில்லை. இரண்டாம் முறை எடுத்த பொறி நேர்மாறு. தொட்டாலே இரண்டு எழுத்து விழுந்தது. வேகம் வந்தும் பிழைகளால் தவறினார். ஏழு மாதமும் ஒரே ஒரு வாய்ப்பும் மிச்சம் இருந்தன.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டில்லியிலேயே இருந்த பெரியப்பா வந்தார்கள். பெரியப்பா வீட்டார் இதைப் படித்து வருந்தக் கூடாது. அன்று அவர்கள் சொன்னதெல்லாம் எங்கள் மேலுள்ள கவலையால்தான்.

"நான் சொல்லுதத கோவிச்சுக்கிடாம கேளும்மா. உன் ஆபீஸ் பெரிய கிளார்க்கப் பாத்துட்டு வாரேன். அவருக்குத் தெரிஞ்ச பொம்பள ஒருத்தி உன் நம்பர்ல உக்காந்து அடிச்சுக் குடுத்துருவா. பத்து நிமிசம். ஹால்ல ஒருத்தனும் மூஞ்சியப் பாக்க மாட்டான்."

"எவ்வளவு கேக்காரு, அத்தான்?"

பெரியப்பா தொகையைச் சொன்னார்கள். கரோல் பாக்கில் ஒரு பழைய தட்டச்சுப் பொறிக்கு அம்மா விலை விசாரித்து வைத்திருந்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"அந்த ரூவாய்க்கு சொந்தமா மிஷினே வாங்கிரலாம்னு நினைச்சேன்" என்றார் அம்மா.

"மிஷின் வாங்கினா பாஸ் ஆயிருவேன்னு எவன் எழுதிக் குடுப்பான்? ரெண்டு தடவ பாத்தாச்சுல்லா? இது பக்கா. ரெண்டு பொட்டப் பிள்ளைகள வச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கப் போறியா?"

அப்பாவின் சேமநிதியில் பெரும்பகுதி எங்கள் இருவர் பேரிலும் வங்கியில் இருந்தது. அதை அம்மா தொடவே மாட்டார். அவசரத்துக்கு என்று ஒதுக்கிய சிறு தொகை ஒன்றே அம்மா கையில் இருந்தது. ஒரு முறைதான் செலவழிக்க முடியும். மறுநாள் அதை வங்கியிலிருந்து எடுத்து வந்தார். எதற்கென்று சொல்லவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை அலுவலகத்துக்கு விடுமுறை. என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். இறங்கிய இடம் எனக்குப் பழக்கமில்லாத தெரு. ஒரு வீட்டின் மாடிப்படியில் ஏறினோம். சுவரில் அந்தப் பெரிய எழுத்தரின் பெயர்ப்பலகை இருந்ததைப் பார்த்தபோதுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று புரிந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கடைசிப் படியில் நின்றுவிட்டார். பையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

உள்ளிருந்து ஒரு குரல் யாரென்று கேட்டது. "கௌன் ஹை?"

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மறுபடியும், "அரே, கௌன் ஹை பாய்?" செருப்புச் சத்தம் கதவை நோக்கி வந்தது.

"வாட்டி" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மா இறங்கினார். தெருமுனை வரை ஏறக்குறைய ஓடினோம்.

"யம்மா, பெரியப்பா கேட்டா என்ன சொல்லுவ?"

"கேக்கட்டும். முதல்ல கரோல் பாக் பஸ் எங்க நிக்கும்னு பாரு."

அன்று சாயங்காலமே பொறி வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வந்த பெரியப்பா அதைப் பார்த்தார்கள். நின்றபடியே, "இனிமே உன் பாடு. நாளைக்கு ஒண்ணுன்னா என் வாசலுக்கு வராத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள். அம்மா போட்ட காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது.

காலை ஐந்து மணிக்குக் கேட்ட சத்தத்தில் மாடிவீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி நான்காம் நாளே இறங்கி வந்து சண்டை போட்டார். அம்மா தனக்குத் தெரிந்த இந்தியைத் திரட்டிக்கொண்டு, "பெஹன்ஜி, ஃபேல் தோ நௌக்ரி நஹீம். கர் பீ நஹீம்" என்றார். தேறாவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. ஆன்ட்டி ஒரு நிமிடம் எங்கள் மூவரையும் பார்த்தார். மேலே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய பஞ்சு ரஜாய்ப் போர்வை இருந்தது. அதை நான்காக மடித்துப் பொறிக்கு அடியில் அவரே வைத்தார்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டால் செலவு என்று பொறியைத் துடைப்பது, எண்ணெய் விடுவது, கழன்றதை மாட்டுவது எல்லாம் அம்மாவே கற்றுக்கொண்டார். உதிரி பாகங்களைச் செய்தித்தாளில் பரப்பி வைத்துக்கொண்டு, கழற்றிய வரிசையிலேயே திரும்பப் பூட்டுவார்.

ஜனவரியில் மூன்றாம் தேர்வு. பழைய டில்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காலை ஒன்பது மணிக்கு. தங்கையை ஆன்ட்டி வைத்துக்கொண்டார். பொறியை ஒரு பக்கம் பிடிக்க நான் கூடப் போனேன். எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனிமூட்டம். முக்கால் மணி நேரம் காத்திருந்து ஒரு ஆட்டோ ஸ்கூட்டர் கிடைத்தது. பாதி வழியில் திடீரென்று ஒரு மாடு முன்னால் தெரிந்தது. ஸ்கூட்டர்வாலா பிரேக்கை மிதித்தார். வண்டி சறுக்கிச் சாய்ந்தது. பொறி அம்மாவின் மடியிலிருந்து நழுவிச் சாலையில் விழுந்தது.

அம்மாவின் முழங்காலில் ரத்தம். அவர் அதைப் பார்க்கவில்லை. பொறியைத்தான் பார்த்தார். தட்டிப் பார்த்தபோது எழுத்துகள் விழுந்தன. ஆனால் ஓர் எழுத்து அடித்ததும் இடது பக்கம் நகர வேண்டிய உருளை நகராமல் நின்ற இடத்திலேயே நின்றது. அடித்த எழுத்தின் மேலேயே அடுத்த எழுத்தும் விழுந்தது.

"மாதாஜி, வாபஸ்?" என்று, திரும்பிவிடலாமா எனக் கேட்டார் ஸ்கூட்டர்வாலா.

"நஹீம். ஜல்தி சலோ" என்று அம்மா அவரை விரட்டினார்.

பள்ளி வாசலை அடைந்தபோது கதவு மூட இன்னும் பன்னிரண்டு நிமிடம். உள்ளே முதல் மணி அடித்துவிட்டது. அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து பொறியைத் திருப்பினார். "ஊசியக் கழத்து" என்றார். என் தலையிலிருந்த கொண்டை ஊசியை எடுத்துக் கொடுத்தேன். உருளையை இழுக்கிற நாடா கொக்கியிலிருந்து கழன்று உள்ளே சுருண்டிருந்தது. குளிரில் விரல் விறைத்து, இரண்டு முறை பிடித்தும் நழுவிவிட்டது. விரல்களை வாயில் வைத்து ஊதினார். காவலாளி ஒரு கதவை மூடினார். மூன்றாம் முறை நாடா சிக்கியது. சுருள்வில்லைச் சுற்றி முறுக்கேற்றிக் கொக்கியில் மாட்டினார். காகிதம் வைக்காமலேயே நாலு எழுத்து தட்டினார். உருளை நகர்ந்தது.

"ஆ ரஹீ ஹூம், பையா! ருக்கோ!" என்று, வருகிறேன், நிறுத்து எனக் காவலாளியைப் பார்த்துக் கத்திக்கொண்டு அந்தப் பாரத்தைத் தனியாகவே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அம்மா கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது எதுவும் கேட்க வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

முடிவுக்கு ஏழு வாரம். அதற்குள் எங்கள் வீடு காலியாகப் போகிறது என்று யாரோ சொல்லி, ஒருவர் மனைவியோடு வந்து அறைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அம்மா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் போனபின் சமையலறைச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் நின்றார். காலை ஐந்து மணிப் பயிற்சியை மட்டும் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

அலுவலகப் பலகையில் ஒட்டிய பட்டியலில் அம்மாவின் எண் இருந்தது. அன்று ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் தங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இனி இது நம்ம வீடு" என்றார். அப்புறம்தான் அழுதார்.

பிறகு அம்மாவின் வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்ததே. இந்தித் தேர்வுகள், அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு, மேல்நிலை எழுத்தர், உதவியாளர் என்று படிப்படியாக உயர்ந்தார். காலை ஐந்து மணி அவருடையதாகவே இருந்தது. என் திருமணத்தைக் கடன் வாங்காமல் நடத்தினார். தங்கையைக் கல்லூரியில் சேர்த்தார்.

அந்தத் தேர்வு முடிந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வாசலில் வந்து நின்றார்கள். கூடவே பள்ளிப் படிப்பை முடித்த அவர்கள் மகள்.

"இவளுக்குக் கொஞ்சம் டைப்பிங் சொல்லிக் குடுக்கியாம்மா?"

"உள்ள வாங்க, அத்தான். காப்பி போடுதேன்" என்றார் அம்மா. அவ்வளவுதான். பழைய பேச்சு எதையும் இருவரும் எடுக்கவில்லை.

சென்ற ஆண்டு சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் இருந்தபோது ஒரு மதியம் அம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு அந்த மாடிப்படில ஏன் திரும்பின? தப்புன்னா?"

அம்மா யோசித்தார். "தப்புன்னு நினைச்சுத்தான் போனேன். தப்புன்னாலும் செஞ்சிருவோம்னுதான் ஏறினேன். அந்த ஆளு செருப்புச் சத்தம் கேட்டதும் பயந்துட்டேன். ரிடையர் ஆகுத வரைக்கும் அந்தச் சத்தத்துக்குப் பயப்படணுமேன்னு." பிறகு, "தங்கச்சிக்குக் காய்ச்சல் அன்னைக்கு நான் வந்திருக்கணும்" என்றார். நான் எதையும் நினைவுபடுத்தவில்லை. அவராகவே சொன்னார்.

பத்து நாள் கழித்து அம்மா போய்விட்டார். வயது ஐம்பது.

நோயிலும் துக்கத்திலும் எங்களுடன் நின்றவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். மருத்துவமனையில் முறை வைத்துக்கொண்டு அம்மாவுக்குத் துணை இருந்த அலுவலகத் தோழிகளுக்கு நன்றி. ரத்தம் கொடுத்த அண்டை வீட்டு இளைஞர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பற்ற விடாமல் சாப்பாடு அனுப்பிய பஞ்சாபி ஆன்ட்டிக்கும் நன்றி. இந்தத் தள்ளாத வயதிலும் எல்லாக் காரியங்களையும் முன்னின்று நடத்திய பெரியப்பாவுக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பதினாறாம் நாள் வீடு நிறைய உறவினர் இருந்தபோது தபால்காரர் ஒரு பதிவுத் தபாலோடு வந்தார். பிரிவு அதிகாரி பதவிக்கான துறைத் தேர்வுக்கு அம்மா விண்ணப்பித்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. அதன் நுழைவுச்சீட்டு. பெறுபவர் காலமானார் என்று எழுதித் திருப்பி அனுப்புவதுதான் விதி. அவர் வாசலில் கிடந்த செருப்புகளையும் என் முகத்தையும் பார்த்தார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"ரக் லோ, பேட்டீ. மாஜீ கா ஹை" என்று உறையை என் கையில் வைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். வைத்துக்கொள் மகளே, அம்மாவுடையது என்று சொன்ன அவர் பெயர் கூட எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் எங்கள் நன்றி.