பஸ் கண்ணாடியில் ஒரு கால்வாய்

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவில் ஹட்டன் பஸ் ஏறினேன். பக்கத்தில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண், முப்பது வயதிருக்கும், பனி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் உலகப் படம் கீறுவதும் அழிப்பதுமாக இருந்தார். ஹட்டனில் அவருக்கு, பதினோராம் வகுப்பு முடித்து எழுதும் சாதாரண தரத் தேர்வில் வரலாற்றுப் பரீட்சை. மூன்றாம் முறை. பாஸானால்தான் பாலர் பள்ளியில் வேலை.

“வரலாத்துக்கு எதுக்குங்க மேப்?” என்றேன். நான் எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன்.

“வருசத்தப் பாடமாக்கித்தாண்ணே ரெண்டு தடவ பெயிலானேன். இப்ப எடத்தப் புடிச்சுக்கிட்டேன். இந்தா, சூயஸ்ல கால்வாய் வெட்டுனாங்க. கப்பல் ஆப்பிரிக்காவச் சுத்தாம லண்டன் போச்சு. இங்க குளிரு, மழ. தேயில நல்லா வந்துச்சு. பறிக்க ஆளு வேணும்ல? கடலுக்கு அந்தப் பக்கம் திருச்சி. நம்ம ஆளுங்க வந்தாங்க. நீங்க எங்க போறீங்க?”

“வேல தேடிங்க.”

“அப்ப நீங்களும் இந்தப் படத்துலதான் இருக்கீங்க” என்று சிரித்தார்.

மாலை அதே பஸ்ஸில் திரும்பினேன். அந்தப் பெண் படியில் ஏறும்போதே கத்தினார்: “அண்ணே, சூயஸ் கேட்டுட்டாங்கண்ணே! படம் கீறியே எழுதிட்டேன்!”

கண்டக்டர் அவரிடம் எங்கே போக வேண்டுமென்று கேட்டார்.

“லண்டனுக்கு ஒன்னு குடுங்க!”

பஸ்ஸே சிரித்தது.

பிறகு அவரைப் பார்க்கவில்லை. எந்த ஊரில் வேலைக்குப் போனாலும், கண்ணாடியில் பனி படிந்தால் என் விரல் முதலில் அந்தக் கால்வாயைத்தான் வெட்டுகிறது.