தலையாட்டிய அம்புக்குறி

ராஸ்கிராத் தயிர் ஆலையில் கம்ப்யூட்டர் நிரல் எழுதியவள் ஸ்னெஜானா. விரல்கள் ஓடும் வேகத்தில் விசைப்பலகை சூடேறி, அதன் மேல் ரொட்டி வாட்டலாம் என்பார்கள். நானே ஒன்று தின்றிருக்கிறேன்.

அவள் பிழைப்பு ஒரு மவுஸ் அம்புக்குறியில் தொங்கியது. பால் சோதிக்கும் பெண்களுக்காக அம்புக்குப் பதில் குட்டி முகம் ஒன்றை வரைந்திருந்தாள். அதைக் கேனின் எண் மேல் வைத்தால், நல்ல பாலுக்குத் தலையை இடமும் வலமும் ஆட்டும். கெட்டதற்கு மேலும் கீழும். நாங்கள் பல்கேரியர்கள் ‘ஆமாம்’, ‘இல்லை’ சொல்லும் விதம் அதுதானே!

ஆலையை வாங்கிய ஆஸ்திரியர் பிக்லர், பெண்கள் காப்பிக்குப் போன நேரத்தில் தானே மவுஸைப் பிடித்து, முகத்தின் தலையாட்டலைத் தன் ஊர் வழக்கப்படி எடுத்துக்கொண்டார். நல்ல பாலெல்லாம் வாசலுக்குப் போனது, புளித்ததெல்லாம் தொட்டிக்குள் போனது. தொட்டி எழுப்பிய நாற்றத்தில் தேவாலயத்து மணி தானாக அடித்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணணும். இல்லேன்னா வியன்னாலேருந்து வேற புரோகிராம் வரும், நீ வீட்டுக்குப் போகலாம்” என்றார் பிக்லர், கன்னம் சிவந்து தொங்கு மீசை துடிக்க.

“அந்தத் தலையைத் திருப்பிப் போட்டுடட்டுமா அக்கா?” என்று ஸ்தாம்காவைக் கேட்டாள் ஸ்னெஜானா. பால் சோதனையில் மூத்தவள் அவள்.

“போட்டுக்கோடி! அப்புறம் நாங்க கெட்ட பாலை உள்ள விடுவோம். பொறந்ததுலேருந்து ஆட்டுற தலை, அந்த மனுசனுக்காக மாறுமா?”

ஸ்னெஜானாவுக்கு வழி தெரிந்தது: நிறம். ஆனால் அவளுடைய நிரல் கருவியோடு வந்த, படம் வரையும் பலகையில் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு என்று முகத்தை வேறொரு வரைபடப் புரோகிராமில் தீட்டித் தனிக் கோப்பாகச் சேமித்தாள். தொடங்கும்போதே அதை ஏற்றிக்கொள்ளுமாறு நிரலில் ஒரு வரி சேர்த்தாள். முதல் தடவை, கேனின் எண்ணைத் தொட வேண்டிய புள்ளி மூக்கில் இல்லாமல் காதுக்குப் போய்விட்டது.

“இதென்னடி, காதைத் திருகினாத்தான் வேலை செய்யுது, எம் புருஷன் மாதிரி!” என்றாள் ஸ்தாம்கா. புள்ளி மூக்குக்குத் திரும்பியது.

வெள்ளியன்று பிக்லர் மவுஸைத் தொட்டார். பச்சை முகம் இடவலமாக ஆடியது. கேனை உள்ளே அனுப்பச் சொன்னார். அடுத்த கேனுக்குச் சிவப்பு முகம் மேலும் கீழும் ஆடியது. அதை வெளியே தள்ளச் சொன்னார். ஸ்தாம்கா இரண்டையும் மோந்து பார்த்தாள்.

“மனுசன் தேறிட்டாருடி.”

“தலை எப்படியோ ஆடட்டும், நான் நிறத்தைப் பாத்துக்கறேன். வியன்னாவுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்” என்ற பிக்லர், திரையருகே குனிந்தார். “இந்தச் சிவப்பு மூஞ்சியை எங்கேயோ பாத்திருக்கேனே. யாரு இது?”

“சும்மா கற்பனைதான் ஐயா” என்றாள் ஸ்னெஜானா.

கோபத்தில் சிவந்திருந்த அந்தக் கன்னங்களையும் தொங்கு மீசையையும் பார்க்காமலிருக்க, பெண்கள் எல்லோரும் பால் கேன்களுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.