வெள்ளரித் தோட்டத்தில் கேட்ட மலையாளம்

கமுதிக்காரரான கார்மேகம் வளைகுடாவுக்கு வருவதற்கு முன் எர்ணாகுளத்தில் ஒன்பது வருஷம் பரோட்டா போட்டவர். இப்போது ஷார்ஜா பக்கம், மூசா என்ற அரபியின் தோட்டத்தில் வேலை. ஆறு கிரீன் ஹவுஸ், எல்லாம் வெள்ளரி.

போன வருஷம் மார்ச்சில் மூன்றாவது கிரீன் ஹவுஸில் இலைகள் ஓரம் கருகத் தொடங்கின. மூசா இஸ்ரேலிலிருந்து ரிவ்கா என்ற விவசாய நிபுணரை வரவழைத்தார். நாற்பத்தைந்து வயது, மாநிறம், ஓயாத நடை. கார்மேகத்துக்கு ஆங்கிலம் இருபது வார்த்தை தேறும். அதனால் அவர் பார்க்கும் இலைக்கு அடியில் டார்ச் பிடிப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ரிவ்கா மண்ணை விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத் தனக்குத்தானே முணுமுணுத்தார்: "வெள்ளம் போரா."

தண்ணீர் போதாதாம். அதுவும் மலையாளத்தில். கார்மேகம் வாயைப் பிளந்தாலும், பதில் தானாக வந்துவிட்டது.

"வெள்ளம் உண்டு மேடம். உப்பு கூடுதலாணு."

சொட்டுக் குழாய் நீரை முன்பே நாக்கில் வைத்துப் பார்த்திருந்ததால்தான் அப்படிச் சொன்னார். ரிவ்கா நம்பாமல் உப்பு அளக்கும் மீட்டரை நீரில் முக்கி எடுத்தார். உப்பேதான்.

மதியம் பால் சேர்க்காத சுலைமானி டீ குடிக்கும்போது ரிவ்கா தன் ஊர்க்கதையைச் சொன்னார். எழுபது வருஷத்துக்கு முன்னால் கொச்சிப் பக்கமிருந்து நாற்பது யூதக் குடும்பங்கள் இஸ்ரேலில் அவர் ஊருக்குக் குடியேறினவாம், அதில் அவர் குடும்பமும் ஒன்று. அத்தனை பேரும் முட்டை விற்றவர்கள், மளிகைக்கடை வைத்தவர்கள், மண்வெட்டி பிடித்ததில்லை. விடாமல் மழை பெய்யும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அரசாங்கம் பொட்டல் காட்டைக் கொடுத்தது. முதல் வருஷம் தக்காளி கருகியது, அடுத்து கோழிகள் செத்தன.

"யாரும் ஊருக்குத் திரும்பலையா?" என்று கேட்டார் கார்மேகம்.

"நிறையப் பேருக்கு ஆசைதான்" என்றார் ரிவ்கா. "டிக்கெட்டுக்கு வழியில்லை. அதனால விவசாயிகளாயிட்டாங்க."

அவர்கள் மண்ணிலும் உப்புதான் வில்லன். நல்ல தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சி உப்பை வேருக்குக் கீழே இறக்கினார்கள். பிறகு பூ பயிரிட்டார்கள். பூ விமானம் ஏறியது, ஊர் நிமிர்ந்தது.

அதையே இங்கேயும் செய்துபார்க்க முடிவானது. கிணற்று நீரை நிறுத்தி, டேங்கர் நீரை மூன்று நாள் விட்டார்கள். டேங்கர் செலவைப் பார்த்து மூசா தலையில் கை வைத்துக்கொண்டார். பத்தாம் நாள் புதுத் தளிர் விட்டபோது, முதலில் செல்போனில் படம் எடுத்தவரும் அவர்தான்.

கார்மேகம் இப்போது ஆறு கிரீன் ஹவுஸுக்கும் ஃபோர்மேன். ரிவ்கா வரும்போதெல்லாம் எந்த உரம், எவ்வளவு என்று இருவருக்கும் வாக்குவாதம் நடக்கிறது, எழுபது வருஷப் பழைய மலையாளத்துக்கும் பரோட்டாக் கடை மலையாளத்துக்கும் நடுவே.